எட்டுக்காரரும் எண்பத்து நான்கு வில்லைகளும்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது தரையில் கிடந்தேன். ஸ்கூட்டர் என் மேல் கிடந்தது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று என் வலது கையில் இருந்தது. அது எப்படிக் கைக்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் குடையைப் பிடித்தபடி அவசரமில்லாமல் நடந்து வந்தார். குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

"கால் ஊனிட்டீங்க," என்றார்.

"சார், விழுந்துட்டேன்."

"விழுந்தது அப்புறம். அதுக்கு முன்னாடியே ஊனிட்டீங்க. ஊனினப்பவே முடிஞ்சு போச்சு. விழுந்ததை நான் எழுதவே இல்ல."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தின் பலத்தில், அதே ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து அன்றோடு ஆறு நாள். அந்த நாட்களில் எங்கே போனாலும் சான்றிதழின் நகல் ஒன்று சட்டைப்பையில் இருக்கும். அதை எடுத்து நீட்டவில்லை. ஆனால் கை அங்கே போனது உண்மை.

"சார், நான் இங்கதான் வேலை பாக்கறேன். டிகிரி முடிச்சவன்."

"டிகிரியில எட்டு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அடுத்த மாசம் வாங்க. நான் முதல் தடவையே பாஸ்."

கடைசி வாக்கியத்தை அவர் எல்லோரிடமும் சொல்வார். அழுபவர்களிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டால் பெரிய எட்டு ஒன்று போட்டிருக்கும். அதன் மேல் இரண்டு சுற்று வண்டியோட்ட வேண்டும். கால் தரையில் படக்கூடாது, கூம்பு அசையக்கூடாது, வண்டி நிற்கக்கூடாது. இருபத்தாறு வருடங்களாக அந்த எட்டின் காவலர் அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் எட்டுக்காரர்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாரிடமும் கைநீட்டி எதையும் வாங்கியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. சட்டம் என்றால் தனக்கும் சட்டம்தான். வீட்டு வாசலிலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வரும் பதினைந்தடிக்கும் தலைக்கவசம் போடுவார். அலுவலக நடையில் கழிப்பறைப் பக்கம் திரும்பும்போது வலது கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். பின்னால் யாரும் இல்லையென்றாலும் காட்டுவார். புதிதாக வந்தவர்கள் அவர் எதையோ சுட்டிக் காட்டுகிறார் என்று நினைத்து அந்தச் சுவரைப் பார்ப்பார்கள்.

எனக்கு வாடகைக்கு அறை கிடைத்தது ஒரு ரொட்டிக்கடையின் மாடியில். கடைக்காரர் எட்டுக்காரரின் மனைவிக்குத் தம்பி என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. "எங்க அத்தான்கிட்ட எத்தனை தடவை விழுந்தீங்க?" என்றுதான் அவர் என்னிடம் பேச்சையே ஆரம்பித்தார்.

"ஒரு தடவை அண்ணே."

"அப்ப இன்னும் பழகலை. பழகிடும்."

நான் படித்தது பொருளியல். இறையியலில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே இதில் வரும் வேத விஷயங்கள் எல்லாம் ரொட்டிக்கடை மேசையில், மாவு படிந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டவை. தப்பிருந்தால் பொறுப்பு ரொட்டிக்காரருடையது.

விஷயம் இதுதான். எட்டுக்காரர் தங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர், அதாவது சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். அந்தச் சபையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து நடக்கும். ஒரே ரொட்டியைப் பிட்டு எல்லோரும் சாப்பிடுவார்கள். அந்த மேசைக்குப் போக வேண்டுமானால் கையில் ஒரு தகர வில்லை இருக்க வேண்டும். பழைய காலத்தில் யாரோ செய்து வைத்த வில்லைகள். மொத்தம் எண்பத்து நான்கு. முந்தின நாள் சனிக்கிழமை மூன்று மணிக்கு, கோயிலின் பக்கத்து அறையில் மூப்பர் முன்னால் உட்கார்ந்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஒரு வில்லை கிடைக்கும். யாரோடாவது பகை உண்டா? ஓய்வுநாளில் வேலை செய்தாயா? பொய் சொன்னாயா? உனக்கு உரிமையில்லாத எதையாவது வைத்திருக்கிறாயா? இதற்கெல்லாம் மனம் வருந்துகிறாயா? ஞாயிறன்று மேசைக்கு முன்னால் உள்ள மரப்பெட்டியின் துவாரத்தில் வில்லையைப் போட்டுவிட்டு ரொட்டி வாங்கலாம். வில்லை இல்லையென்றால் ரொட்டி இல்லை.

பத்தொன்பது வருடங்களாக வில்லைக்குப் பொறுப்பு எட்டுக்காரர். எல்லோரையும் விசாரித்து முடித்ததும் தன்னையே விசாரிப்பார். விசாரிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வியைச் சத்தமாகக் கேட்பார். எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வார். மறுபடி இந்தப் பக்கம் வருவார். ஐந்து கேள்விக்குப் பத்து முறை. இடம் மாறும்போது கையையும் காட்டுவார் என்று அவர் மனைவி சொன்னார். அது மட்டும் மிகைப்படுத்தலாக இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டவர் ரொட்டிக்காரர்.

சபை விதிப்புத்தகத்தில் பதினோராவது விதி: மேசைக்கு வரும் ரொட்டி அன்று காலை சுட்டதாக இருக்க வேண்டும். இருபத்தேழாவது விதி: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்பவருக்கு வில்லை கிடையாது. ஒன்பது வருடங்களுக்கு முன் இவர் அந்த ரொட்டியைச் சுடும் பொறுப்பை ஏற்றார். முதல் தடவை சுட்டுக் கொடுத்தார். அடுத்த தடவை வில்லை வாங்கப் போய் உட்கார்ந்தார்.

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சியா?"

"செஞ்சேன் அத்தான். உங்க ரொட்டியைத்தான் சுட்டேன்."

"அப்ப கிடையாது."

"அத்தான், அது கோயிலுக்குச் சுட்டது."

"தெரியும் மாப்ள. நல்லா இருந்துச்சு. எழுந்திரு, அடுத்த ஆளு வரணும்."

அன்றிலிருந்து ஒன்பது வருடம். ஊரே சாப்பிடும் ரொட்டியைச் சுடுகிற ஒரே ஆளுக்கு மட்டும் அந்த ரொட்டியில் ஒரு துண்டு கிடையாது. திருவிருந்து நடக்கும்போது கோயிலின் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். சுடுவதை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"நான் சுடலைன்னா வேற எவனாவது சுடணும். அவனுக்கும் வில்லை கிடைக்காது," என்றார், மாவைப் புரட்டிக்கொண்டே. "இதுக்கு ஒருத்தன் போதும்."

அவருடைய அக்கா, அதாவது எட்டுக்காரரின் மனைவி, அதைவிட ஒருபடி மேலே போனார். தம்பி உட்காராத மேசையில் தானும் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒன்பது வருடமாகத் தம்பியோடு அதே பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை. புருஷனுடைய காக்கிச் சட்டைக்குக் கத்தி முனைபோல் மடிப்பு வைத்து இஸ்திரி போடுவார். திருவிருந்து நாளில் மட்டும் எட்டுக்காரர் முன்வாசல் வழியாகப் போவார், அக்கா பின்வாசல் வழியாகப் போவார். முதல் கேள்வியான 'யாரோடாவது பகை உண்டா'வுக்கு எட்டுக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து 'இல்லை' என்று சொல்வதை அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார்.

"பகை இல்லையாம்," என்றார் என்னிடம். "ஆமா, அவருக்கு யார்மேலயும் பகை இல்ல. ரொட்டி சுடற ஆளைத்தான் பிடிக்காது. அந்த ஆளு என் தம்பியாப் போயிட்டான்."

சபையின் போதகர் உயரமான, பயந்த சுபாவம் உள்ள மனிதர். தினமும் காலை ஏழு மணிக்குப் பிரசங்கக் குறிப்போடு ரொட்டிக்கடைக்கு டீ குடிக்க வருவார். அவருக்கும் வில்லை எட்டுக்காரரிடமிருந்துதான் வர வேண்டும்; போதகர் யாருக்கும் வில்லை வழங்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதனால் எட்டுக்காரரோடு பேசும்போது அவர் குரலில் எப்போதும் ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவரின் நடுக்கம் இருக்கும். ஒரு நாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மூப்பரே, நியாயப்பிரமாணம், அதாவது வேதத்துல உள்ள சட்டம், ஒரு கண்ணாடி மாதிரி. முகத்துல கரி இருக்குன்னு காட்டும். கண்ணாடியைப் பிடுங்கி முகத்துல தேய்ச்சா கரி போகாது. அதுக்குத் தண்ணி வேணும். அந்தத் தண்ணிதான் கிருபை."

எட்டுக்காரர் டீயை வைத்தார். "கண்ணாடி முக்கியம்தான் பாஸ்டர். வண்டியில ரெண்டு இருக்கணும்."

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"புரியுது. கிருபைன்னா என்ன? தகுதியில்லாதவனுக்குக் குடுக்கறது. அதாவது எட்டு போடாதவனுக்கு லைசென்ஸ் குடுக்கறது. நாளைக்கே அவன் ரோட்டுல ஒரு ஆளைத் தூக்கிடுவான். செத்தவன் வீட்டுக்கு நீங்க போவீங்களா, நான் போகணுமா?"

போதகர் குறிப்பைப் புரட்டினார்.

"அத்தான்," என்றார் ரொட்டிக்காரர், தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "சாமியே லைசென்ஸ் ஆபீசர்னு முடிவு பண்ணிட்டீங்க. அவரு குடை வச்சிருப்பாரா?"

"வெயில்ல நிக்கறவர்னா வச்சிருப்பாரு."

இந்த நிலையில்தான் எங்கள் அலுவலகத்தில் பழைய தேர்வு அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. மஞ்சளாகிப்போன அட்டைகள், அறை நிறைய. பட்டதாரி என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். அதற்குள் நான் எட்டுக்காரரிடம் நான்கு தடவை தோற்றிருந்தேன். அட்டையில் குறித்திருக்கும் தவறுகளுக்கும் முடிவுக்கும் பொருத்தமில்லையென்றால் ஒரு சிவப்புத் தாள் இணைத்து, தேர்வுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பொறுப்பாளர் அவர்தான்.

பதினேழாம் நாள் முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய ஓர் அட்டை வந்தது. 'கால் ஊன்றியது: நான்கு முறை. சாய்த்த கூம்புகள்: மூன்று. இரண்டாம் சுற்றில் பாதையை விட்டு வெளியேறி வேலிக்குள் சென்றார்.' அதன் கீழே, வேறு மையில், அந்தக் காலத்துப் பரிசோதகரின் சாய்ந்த எழுத்து: 'அழுதான். போகட்டும். பாஸ்.'

மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் அந்தப் பெயர்.

என் மனசுக்குள் ஒரு சின்னப் பட்டாசு வெடித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போவதற்குள் அது நமுத்துவிட்டது. ஒழுங்காகச் சிவப்புத் தாளை இணைத்து, ஒழுங்காக அவர் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி படித்தார். மேசை விசிறியில் அட்டை படபடத்தது.

"வேலி ஞாபகம் இருக்கு," என்றார் கடைசியில். "முழங்கால்ல முள்ளு. லைசென்ஸ் தபால்ல வந்ததும் ஞாபகம் இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நான் யாரையும் கேட்டதே இல்ல."

"அவரே பாஸ்னு எழுதியிருக்காரே சார்."

"எழுதியிருக்காரு. தப்பா எழுதியிருக்காரு." பேனாவைத் திறந்து, சிவப்புத் தாளில் 'உரிமம் ரத்து செய்யப்பட வேண்டியது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு உரிமத்தைப் பையிலிருந்து எடுத்து அட்டையோடு சேர்த்துக் குத்தினார். அன்று மாலை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். தலைக்கவசத்தைப் போட்டிருந்தார்.

மறுநாள் பெரிய அதிகாரி என்னையும் சேர்த்துக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தத் தாள் அவர் மேசையில் கிடந்தது.

"யோவ், என்னய்யா இது? முப்பத்தாறு வருஷம் ஆச்சு. யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன் சார்."

"உன் லைசென்ஸ் செல்லாதுன்னா நீ பரிசோதகரே இல்ல. நீ பரிசோதகர் இல்லைன்னா நீ குடுத்த லைசென்ஸ் எதுவும் செல்லாது. இருபத்தாறு வருஷம்யா. இந்த ஊர்ல பாதிப் பேரு நாளைக்கு வண்டியை நிறுத்திட்டு நடக்கணும்." கொஞ்சம் தணிந்த குரலில், "எனக்கே நீதான்யா குடுத்த. நாலாவது தடவையில," என்றார்.

"அஞ்சாவது சார்."

அதிகாரி தாளை நான்காக மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "ரத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தப் பெரியவர் பாஸ்னு எழுதிட்டாரு, பாஸ்தான். எழுதினவரும் இப்ப இல்ல. போய் வேலையைப் பாரு."

எட்டுக்காரர் வேலையைப் பார்க்கவில்லை. தேர்வு எடுக்கும் பொறுப்பை இளைய பரிசோதகரிடம் விட்டுவிட்டு, தானே விண்ணப்பம் எழுதி வரிசையில் நின்றார். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மைதானத்தில், எல்லோரும் பார்க்க, எட்டு போட வந்தார்.

போட முடியவில்லை.

முப்பத்தாறு வருடம் யாரையும் உரசாமல் வண்டியோட்டிய மனிதர், கோட்டுக்குள் வந்ததும் கோட்டையே பார்த்தார். கோட்டைப் பார்த்தால் வண்டி கோட்டுக்குத்தான் போகும்; இதை அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். முதல் வளைவிலேயே கால் ஊன்றினார். இளைய பரிசோதகர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "சார், நான் பாக்கலை," என்றார்.

"நான் பார்த்தேன். எழுதுங்க."

அடுத்த திங்கட்கிழமையும் ஊன்றினார். மூன்றாவது வாரம் செய்தி பரவி, அவரிடம் தோற்ற பழைய ஆட்கள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேலி செய்யத்தான் வந்தார்கள். அவர் கூம்பைக் கட்டிக்கொண்டு விழுந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். "தோளைத் தளர்த்துங்க சார்," என்றார் ஒரு பால்காரர். "எனக்கு ஒன்பதாவது தடவையிலதான் வந்துச்சு."

ரொட்டிக்காரர் கடையில் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எட்டு போட்டுப் பாஸ் பண்ணினவன் நான், நாலு தடவை இடிச்சிருக்கேன். எட்டே போடாத அத்தான் இத்தனை வருஷமா ஒரு கோழியைக்கூட மிதிச்சதில்ல. இதை வச்சு பாஸ்டர் ஒரு பிரசங்கம் எழுதலாம்."

போதகர் எழுத ஆரம்பித்திருந்தார். பாதியில் பயந்து நிறுத்திவிட்டார்.

திருவிருந்து நெருங்கியது. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பக்கத்து அறைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் ரொட்டிக்காரரோடு மாவு மூட்டை இறக்கப் போயிருந்தேன். எட்டுக்காரர் வில்லைப் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தடவை வில்லை இல்ல. நாலாவது கேள்வி: உரிமையில்லாத எதையாவது வச்சிருக்கியா? பத்தொன்பது வருஷமா இல்லைன்னு சொல்லிட்டேன். லைசென்ஸ் பையிலயே இருந்திருக்கு. குடுக்கறவனுக்கே தகுதியில்ல."

"அப்ப யாரு குடுப்பா?" என்றார் ஒரு தையல்காரர்.

"தகுதியானவர் யாராவது."

"தகுதி இருக்கான்னு யாரு பாக்கறது?"

"வில்லை வச்சிருக்கறவர்."

"வில்லை உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா என்கிட்ட வில்லை இல்ல."

தையல்காரர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். யாரிடமும் வில்லை இல்லை; போதகரிடமும் இல்லை.

மறுநாள் நானும் கோயிலுக்குப் போனேன். அந்தச் சபையில் நான் ஆள் இல்லை. வேடிக்கை பார்க்கப் போனேன் என்று சொன்னால் அசிங்கம். ஆனால் அந்த அட்டையைக் கண்டெடுத்தவன் நான், அதனால் வீட்டில் இருக்க முடியவில்லை. கடைசி பெஞ்சில் எட்டுக்காரர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேசை மேல் ரொட்டி இருந்தது. மேலோடு பொன்னிறமாக, இன்னும் சூடு அடங்காமல், அதன் மணம் கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. போதகர் பிரசங்கத்தை முடித்து, கைகளை விரித்து, "வாருங்கள்," என்றார்.

யாரும் எழவில்லை. மேசைக்கு முன்னால் மரப்பெட்டி. பெட்டியில் துவாரம். துவாரத்தில் போட எதுவும் இல்லை.

போதகர் மறுபடி "வாருங்கள்" என்றார். தானும் நகரவில்லை, அவருக்கும்தான் வில்லை இல்லையே. காது சரியாகக் கேட்காத ஆர்மோனியப் பெரியவர், எல்லோரும் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, பாட்டின் முதல் அடியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபடியே கூடம் முழுக்க ரொட்டியைப் பார்த்தது. பின்வாசல் கதவு திறந்து ரொட்டிக்காரர் தலையை நீட்டினார்.

"என்னங்க, ரொட்டி ஆறுது."

அவரைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. கையில் மாவு. நேராக நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்து புருஷன் முன்னால் நின்றார்.

"என்னங்க. அந்தப் பெரியவர், உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தாரே, வேலிக்குள்ள கிடந்தப்ப உங்ககிட்ட வந்து என்ன கேட்டாரு?"

எட்டுக்காரர் முழங்காலைத் தடவினார்.

"தண்ணி வேணுமான்னு கேட்டாரு."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்ல. தண்ணி குடுத்தாரு. முள்ளை எடுத்துவிட்டாரு. போடா வீட்டுக்குன்னாரு."

"அவ்வளவுதானே," என்றார் அக்கா.

எட்டுக்காரர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு நடைபாதையில் நடந்து மரப்பெட்டி முன்னால் போய் நின்றார். பையை அவிழ்த்தார். ஆராதனை நடக்கும்போது பெட்டியின் மூடியைத் திறக்க விதியில் இடமில்லை. துவாரமோ ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். "ஒண்ணு," என்றார். டங். "ரெண்டு." டங். ஆர்மோனியப் பெரியவர் பாட்டை விடாமல் வாசித்தார். முப்பதைத் தாண்டியபோது போதகர் கையை இறக்கினார்; வலித்திருக்கும். அறுபதுக்கு மேல் சத்தம் மாறியது, வில்லை மேல் வில்லை விழுந்ததால். கடைசி நான்கைந்தை விரலால் குத்தி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

"எண்பத்து நாலு," என்றார். கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லா வில்லையும் முறைப்படி பெட்டிக்குப் போயாச்சு. இனிமே குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. கேக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. போங்க. சாப்பிடுங்க." பின்வாசலைப் பார்த்து, "மாப்ள, நீயும் வா," என்றார்.

ரொட்டிக்காரர் ஏப்ரனை அவிழ்த்துப் படியில் போட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லோரும் எழுந்தார்கள். எட்டுக்காரர் மட்டும் வாசல் பக்கம் நடந்து, கதவருகே நின்றுகொண்டார். வாய் முணுமுணுத்தது. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்காரர் தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அவரிடம் வந்தார். "வாங்க அத்தான்."

"வில்லை எண்பத்து நாலு. தலை எண்பத்தஞ்சு. ஒண்ணு குறையுது மாப்ள."

"சார், நான் இந்தச் சபை இல்ல," என்றேன். "என்னைக் கழிச்சிடுங்க."

"உள்ள இருக்கறவன் எல்லாம் தலைதான். குறையறது என்னோடது."

ரொட்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிக்கும்போது கட்டைவிரலால் மூக்கைத் தேய்ப்பார். மூக்கில் மாவு ஒட்டியது.

"குறையறது உங்களோடதுன்னு எப்படித் தெரியும்? வில்லையில பேரு எழுதியிருக்கா?"

"இல்ல."

"போடும்போது யாருக்குன்னு சொல்லிப் போட்டீங்களா?"

"இல்ல. நம்பர்தான் சொன்னேன்."

"அப்ப இது யாரோடது, அது யாரோடதுன்னு உங்களால சொல்ல முடியாது. சொல்ல முடியாதப்ப உங்களை மட்டும் நிறுத்தி வைக்கறதுக்கு எந்த விதியில இடம் இருக்கு?"

எட்டுக்காரர் விதிப்புத்தகத்தை மனசுக்குள் முதலிலிருந்து கடைசி வரை புரட்டுவது முகத்தில் தெரிந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இடம் இல்ல," என்றார். அவர் குரலில் ஒரு வியப்பு. "சரிதான். இடம் இல்ல."

நடைபாதையில் திரும்பும் இடத்தில் வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு, மேசைக்குப் போனார். ரொட்டியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தவர், மெல்லும்போதே அழ ஆரம்பித்தார். விம்மி விம்மி அழுதார். போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு துண்டைப் பிட்டு நீட்டினார். பக்கத்தில் நின்ற அக்கா மாவுக்கையால் புருஷனின் சட்டைக் கைமடிப்பைச் சரிசெய்துவிட்டு, "போகட்டும்," என்றார்.

மரப்பெட்டி இன்றும் மேசைக்கு முன்னால்தான் இருக்கிறது. வில்லைப் பொறுப்பாளர்தான் திறக்கலாம் என்பது விதி. பொறுப்பாளர் என்று இப்போது யாரும் இல்லை. அதன் மேல் ஒரு பூச்சாடி வைத்திருக்கிறார்கள். தான் எந்த விதியையும் மீறவில்லை என்பதில் எட்டுக்காரர் உறுதியாக இருக்கிறார். போதகர் அதைப் பற்றி அவரோடு வாதம் செய்வதில்லை. எனக்கு உரிமம் ஆறாவது தடவையில் கிடைத்தது. முறைப்படி, கால் ஊன்றாமல்.

எட்டுக்காரர் ஓய்வு பெற்று ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகின்றன. எட்டு இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வருகிறார், விழுகிறார், பால்காரரோடு டீ குடித்துவிட்டுப் போகிறார். வெளியே போக வேண்டியிருந்தால் மச்சானின் ரொட்டி வேனில் பக்கத்து இருக்கையில், தலைக்கவசத்தோடு உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறார். திருவிருந்து ஞாயிறுகளில் விடிந்ததும் கடைக்கு வந்து மாவு பிசைகிறார்.